எங்கள் வீட்டுத் துவைகல்

அண்ணனூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மண்மேடு இருந்தது. ஏரியைத் தூர்வாரிக் கொட்டிய மண் என்று ஊரே சொல்லும். அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா மட்டும் ஒப்பமாட்டார். ஆதிகாலத்து மனிதர்களைப் புதைத்த இடம் அது, சுற்றிலும் அவர்கள் கல் நட்டிருக்கிறார்கள் என்பார். மேட்டைக் கரைத்து மனை போடப்போகிறார்கள் என்றதும் மனுமேல் மனு எழுதி, அளந்து பார்க்கத் தொல்லியல் துறை அதிகாரி ஒருவரை வரவழைத்தேவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதிகாரி முளை அடித்தார், டேப் பிடித்தார், தாளில் வரைந்தார். கற்கள் ஒரு பக்கம்தான் இருந்தன.

“பாதி வட்டத்த எவன் சார் நடுவான்? மீதியும் இங்கதான் கீது” என்றார் மாமா.

“காட்டுங்க, எழுதிடறேன்” என்றார் அதிகாரி. நல்ல மனுஷன்.

மீதி எங்கள் தெருவில்தான் இருந்தது, துவைக்கிற கல்லாக, வீட்டுக்கு ஒன்று. அன்று காலையிலேயே எல்லார் வீட்டுக் கல்மேலும் ஈரப்புடவை ஏறிவிட்டது. “வாயத் தொறக்காதே. கல்லத் தூக்கிகினு பூட்டாங்கன்னா நான் எதுல துவைக்கிறது?” என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள்.

மத்தியானம் மாமா, தண்ணீர் குடிக்கவென்று அதிகாரியை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். அம்மா சொம்பெடுக்க உள்ளே போனாள். அதிகாரி புடவையை விலக்கிக் கல்லைத் தடவிப் பார்த்து, இது ஏது என்று என்னைக் கேட்டார்.

“எங்க நைனா பல்லாவரத்துலேர்ந்து லாரில போட்டுகினு வந்தாரு.”

பல்லாவரமும் லாரியும் என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குப் பெருமைகூட.

அதிகாரி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். “கொயந்த சொல்லுது சார். அப்டிதான் இருக்கும்” என்றார்.

தூர் மண் என்றே எழுதிக்கொண்டு போனார் அதிகாரி. அடுத்த கோடைக்குள் மேடு மனைகளாகிவிட்டது. கரைக்கும்போது பெரிய பெரிய பானைகள் உடைந்தன என்று பேசிக்கொண்டார்கள். மாமா பார்க்கப் போகவில்லை.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு, வாஷிங் மெஷின் வாங்கிய நாளில், கல்லை அகற்ற ஆள் தேடினோம். அப்போதுதான் அம்மா சொன்னாள்: “நான் கண்ணாலமாகி வந்த புதுசுல, அக்கா எதுல துவைப்பான்னு உங்க மாமன்தான் ஒத்த ஆளா கடப்பார போட்டு மேட்டுலேர்ந்து உருட்டிகினு வந்தான்.”

மேட்டடியிலேயே டீக்கடை இருந்தது. தண்ணீருக்கு எங்கள் வீடுவரை மாமா அவரை எதற்குக் கூட்டிவந்தார் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கோ, மாமா என் பொய்யை நம்பிவிட்டார் என்று நினைத்து, அதிகாரி டேப்பைச் சுருட்டி முடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.