குதிகாலுக்கு வைத்த பெடல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நிந்தவூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், சவூதியில் சாரதியாக இருந்துவிட்டு வந்தவர். ஊர் வழக்கப்படி அவரை ‘காக்கா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கறுப்புக் கண்ணாடி, மடித்துக் கட்டிய சாரன், ரப்பர் செருப்பு. அந்தக் கோலத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவார்.

பந்தயக் கார் ஓட்டுகிறவர்களைப் போல, வளைவில் கியரைக் குறைக்கும்போது பாதத்தின் முன்பக்கம் பிரேக்கை மிதிக்க, அதே நேரம் குதிகால் அக்சிலேட்டரைத் தட்ட வேண்டுமாம். குதிகால் எட்டவில்லை என்று கல்முனையில் இரும்புத் தகடு பற்றவைத்து இரண்டு பெடல்களையும் நெருக்கிவிட்டார். தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் மேசைக்குக் கீழே வலது கால் பழகிக்கொண்டேயிருக்கும்.

"நூல் பிடிச்ச மாதிரிக் கிடக்கிற இந்த றோட்டில வளைவு எங்க காக்கா கிடக்கு?" என்று கேட்டேன்.

"என்ட வீட்டு வாசல் கிடக்கே, தம்பி!"

உண்மைதான். தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வாசலில் திரும்பும்போது கார் ஓர் உறுமல் உறுமும். அதைக் கேட்டதும் அவர் மனைவி ஓடிவந்து கேற்றைத் திறப்பார். ஒருநாள் செருப்பு இரண்டு பெடல்களுக்கும் நடுவே சிக்கிக்கொள்ள, கார் நிற்கவில்லை. மனைவி விலகித் தப்பினார், கேற் தப்பவில்லை.

"செருப்பக் கழட்டிப்போட்டு ஓட்டுங்க எண்டு எத்தினை தரம் சொன்னநான்!" என்று அந்த மனுஷி அழுதார்.

காக்கா இறங்கி, சரிந்து கிடந்த கேற்றை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"கேற்றத்தான் கொஞ்சம் தள்ளிப் போடோணும்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கேற் நாலு முழம் உள்ளே போய்விட்டது. தன் காலை இவ்வளவு நம்பிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பெடலில் ஒருவரும் கைவைக்கவில்லை. செருப்பும் அதே செருப்புத்தான்.