ஐந்தருவியில் ஒரு ரிப்பன் புழுவைத் தேடி

1962 ஜூலையில் குற்றாலம் போனது குளிக்க அல்ல, ஒரு புழுவைப் பார்க்க. அப்போது நான் தூத்துக்குடியில் விலங்கியல் ஆசிரியை. கடல் வற்றும் நேரங்களில் கற்களைப் புரட்டி ரிப்பன் புழுக்களைச் சேகரித்து வந்தேன். (குடலில் வாழும் நாடாப்புழு வேறு.) மேலகரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த தோழி எஸ்தர், “உன் புழு இங்கே மலையில் ஊர்கிறது” என்று எழுதியிருந்தாள். கடல்வாசிகளான அவற்றில் தரையில் வாழ்பவை மிகச் சில. நம் மலையில் ஒன்று கிடைத்தால்! கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

திருநெல்வேலியில் காலை ஆறரைக்கு ரயில், ஒன்பதரைக்குத் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல், பஸ்ஸில் இருபது காசு. மேலகரத்தில் எஸ்தர் ஏறிக்கொண்டாள். ஐந்தருவிவரை சாரலில் நடந்தோம்.

அருவிக்கருகே மங்குஸ்தான் விற்ற பேச்சியம்மாளுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். எஸ்தர் கேட்டதும் கடைக்குப் பின்னால் கிடந்த ஈரக்கட்டையைப் புரட்டிக் காட்டினாள். தட்டையாக, பளபளப்பாக, ஒரு சாண் நீளத்தில் அது கிடந்தது. குனிந்து அதனருகே உட்கார்ந்தேன்.

“இது எப்படித் திங்கும்னு பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“மண்புழு மேல படுத்து அமுக்கிக்கிடும் டீச்சர். பொறவு உறிஞ்சிரும்.”

“தலையிலேருந்து நூல் மாதிரி ஏதாவது பாயுமா?”

“தலைல வாயே கெடையாதுல்லா! நடு வயித்துலருந்து வெள்ளையா ஒண்ணு வருது.”

எனக்குச் சுருக்கென்றது. ரிப்பன் புழுவின் பெருமையே அதன் துதிக்கைதான். குடலுக்கு மேலே தனி உறைக்குள் கிடந்து, தலைமுனையிலிருந்து பாயும். அதில் ஊசி உண்டா இல்லையா என்று பார்த்துத்தான் அன்று அவற்றை இரு பெரும் பிரிவுகளாக்கினோம். நடுவயிற்றில் வாய் என்றால் அது தட்டைப்புழு, தொகுதியே வேறு.

ஆசை விடவில்லை. கண்ணாடித் துண்டில் புழுவையும் ஒரு மண்புழுவையும் விட்டு, குடைக்கடியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அடியிலிருந்து பார்த்தபோது, அவள் சொன்ன இடத்திலேயே வெள்ளைக் குழல் வெளியே வந்தது.

“இவ்வளவையும் எப்பப் பாத்தீங்க?”

“கூட்டமில்லாத அன்னைக்கு வேற என்ன சோலி? அது கெடக்கட்டும், ஒங்க புழு எப்படி இருக்கும்?”

“தூத்துக்குடிக்கு வாங்க, காட்டுறேன்” என்றேன்.

நீங்களும் போவதானால் ஜூலை நல்ல மாதம். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். இந்தப் புழுக்கள்மேல் மட்டும் படவிடாதீர்கள். புரட்டிய கட்டையை இருந்தபடியே வைத்துவிடுங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

சீசன் முடிந்ததும் பேச்சியம்மாள் உண்மையாகவே தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள். முழங்கால் தண்ணீரில் எனக்கு முன்பாக அவளே ஒரு கல்லைப் புரட்டி, புழுவை உள்ளங்கையில் எடுத்தாள். சட்டென்று துதிக்கை பாய்ந்து அவள் விரலைச் சுற்றியது. அவள் கையை உதறவில்லை. முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“டீச்சர், இங்கன வாங்க! இதுக்குத் தலைலருந்துதான் வருது!”