ஒண்டுமில்லை, நீரும் பாரும்

எங்கள் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கும் உருளைக்கிழங்கு சீவும் கத்திக்கும் நடுவே, தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. ஒரு முனை மெல்லிய குச்சி. மறுமுனை தட்டையாக, நீட்டிய நாக்குப்போல இருக்கும். இன்று காலை மகள் தயிருக்குக் கரண்டி தேடும்போது அதைத் தூக்கிப் பார்த்து, "அம்மா, இது எதின்ர துண்டு? எறியவோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தேவைக்கு மேல் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயிரைச் சாப்பிட்டாள். பள்ளிப் பேருந்து போன பிறகும் நான் அந்த இழுப்பறையை மூடாமல் நின்றேன்.

அது துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, உரிய பொருள். ரவைக்குண்டு இருக்க வேண்டிய இடத்தில் குச்சியை நுழைத்துவிட்டால் நாக்கு வெளியே தெரியும். உள்ளே எதுவும் இல்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கும். என் கணவரின் மூத்த அண்ணனை நான் அத்தான் என்று அழைப்பேன். அவர் தன்னிடம் இருந்த ஒவ்வொரு பழைய துவக்குக்கும் இப்படி ஒன்று வைத்திருந்தார்.

அந்தக் குடும்பத்தில் கனடாவின் மொன்றியலுக்கு முதலில் வந்தவர் அத்தான்தான். செயின்ட்-மிஷேலில் ஒரு இரும்புப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் நின்று உழைத்து, தாயையும் தம்பி தங்கைகளையும் ஒவ்வொருவராக ஊரிலிருந்து எடுப்பித்தார். எல்லாரும் வந்து சேர்ந்தபோது தனக்குக் கல்யாணம் செய்யும் வயது போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பியர்பொன்ட்ஸில் வாங்கிய வீட்டில் மேல்தளத்தை எங்களுக்கு விட்டுவிட்டுப் பேஸ்மென்டைத் தனக்கு வைத்துக்கொண்டார். அங்கேதான் அந்த இரும்பு அலுமாரி இருந்தது. அதற்குள் சுவீடன், சுவிஸ், செக் நாட்டுப் பழைய ராணுவத் துவக்குகளும், பழம்பொருள் என்று சட்டமே விட்டுவைத்த இரண்டு பெல்ஜியக் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அனுமதிப் பத்திரம், பூட்டு, பூட்டுக்குள் பூட்டு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. "உதுகள் எங்கட சண்டைத் துவக்குகள் இல்லையப்பா. அவருக்கு உது மரமும் இரும்பும்," என்றார் என் கணவர்.

எனக்கு அப்படியில்லை. துவக்கு என்றால் சோதனைச் சாவடியில் என் பள்ளிக்கூடப் பையைக் கிளறிய ஒருவனின் தோளில் தொங்கிய பொருள்தான். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே, இந்தத் துவக்குகளுக்கு மேலே வைத்துப் பிள்ளை வளர்க்க என்னால் முடியாது என்று கணவரிடம் சொன்னேன். அண்ணனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளையை அவர்களின் தாயான மாமியிடம் கொடுத்துவிட்டு, தையல் வலியோடு படி இறங்கி நானே போனேன். அத்தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை துணியில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீர் பயப்பிடுறது சரிதான். ஒவ்வொரு நாளும் வந்து பூட்டை இழுத்துப் பாரும். நான் குறை நினைக்க மாட்டன். பாத்துக்கொண்டு இருந்தும் பயம் போகேல்லையெண்டால் சொல்லும், எல்லாத்தையும் குடுத்துவிடுறன்," என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. நான் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவள் அல்ல. அடுப்பை அணைத்தேனா, கார் இருக்கைப் பட்டி இறுகியிருக்கிறதா, பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து நானே களைத்துப்போவேன். மேல்வீட்டில் அது பகிடி. "இவள் இழுத்து இழுத்தே அந்தப் பூட்டு ஒருநாள் கழண்டு விழப்போகுது," என்பார் மாமி. கணவர் சிரிப்பார். சில நாட்களில் நானும் சிரிப்பேன்.

கீழே அது பகிடியில்லை. அங்கே அதுதான் முறை. ஒரு துவக்கை இன்னொருவர் கையில் கொடுக்குமுன் அத்தான் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின்பக்கத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து, சின்னி விரலை உள்ளே விட்டுத் தடவி, "ஒண்டுமில்லை. நீரும் பாரும்," என்பார். வாங்குகிறவர் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நீங்கள்தான் பார்த்துவிட்டீர்களே என்று முதல் தடவை நான் சொன்னபோது அவர் தலையாட்டினார். "நான் பாத்தது எனக்கு. என்ர சொல்லை நீர் நம்பக்கூடாது. நம்பினால் அது மரியாதை இல்லை, பிழை." என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. இரண்டாம் முறை பார்ப்பதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத ஓர் இடம், நான் மிகவும் பயந்த பொருட்களுக்கு நடுவே இருந்தது.

பூட்டைப் பார்க்கப் போனவள் கொஞ்ச நேரம் இருக்கவும் பழகினேன். வேலையால் வந்து, பிள்ளையைக் கார்டெரி என்ற காப்பகத்தில் இருந்து கூட்டிவந்து, சோறு வைத்துவிட்டு இறங்குவேன். ஆளிவிதை எண்ணெய் வாசம் வரும். எவரோ முன்பு வேட்டைக்கு வசதியாக இருக்கட்டும் என்று முன்கட்டையை அறுத்துக் குட்டையாக்கிய ஒரு சுவீடன் துவக்குக்கு, அத்தான் அதே வயதுள்ள மரம் தேடி, ஒட்டுத் தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தார். கட்டையில் ஏதோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. அவற்றை மட்டும் தேய்க்கவில்லை. ஆனால் பெல்ஜியக் கைத்துப்பாக்கியில் வெடித்துப்போன பிடியைக் கழற்றிவிட்டு, உறைமழையில் எங்கள் பின்வளவில் முறிந்து விழுந்த மேப்பிள் கிளையில் புதிதாக ஒன்று செதுக்கினார். பழந்துவக்குகள் சேர்க்கிறவர்கள் இதைப் பாவம் என்பார்களாம். "பெறுமதி போச்சுதெண்டு கத்துவினம். கத்தட்டும். பெல்ஜியக்காரன் எங்கட பனியையும் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கட்டும்," என்றார்.

பிறகு ஒரு குளிர்காலம், அலுமாரி பூட்டியிருக்கத் திறப்புச் சாவி அதிலேயே தொங்கியது. நான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அட," என்று வாங்கிக்கொண்டார். வேறொரு நாள் துவக்கு ஒன்றில் தோடம்பழ நாக்கு இல்லை. அது தேநீர்க் கோப்பைக்குள் கிடந்தது. கணவரிடம் சொன்னேன். "அண்ணையோ? அவர் கண்ணை மூடிக்கொண்டும் பூட்டுவார். நீர் மாறிப் பாத்திருப்பீர்." கணவரில் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் கவனமானவர் அத்தான், பயந்தவள் நான். எங்கள் இருவரில் யாருடைய கண் பிழை என்று கேட்டால் நானே என்னைத்தான் காட்டியிருப்பேன். அதனால் அடுத்தமுறை திறப்பு தொங்கியபோது கைபேசியில் படம் எடுத்தேன். வேறு யாருக்கும் காட்ட அல்ல. மேலே போய்ச் சேருமுன் என்னை நானே நம்பாமல் விட்டுவிடுவேன் என்பதற்காக.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம். முதல்நாள் அத்தான் தன்னைப்போல் துவக்கு சேர்க்கும் குழுவினரோடு சுடும் திடலுக்குப் போய் வந்திருந்தார். மகள் படியின் அடியில் இருந்து படத்துண்டுகள் பொருத்திக்கொண்டிருந்தாள். அத்தான் சுவிஸ் துவக்கை எடுத்து, துணி தேட வேண்டும், பிடியும் என்று நீட்டினார். "ஒண்டுமில்லை. நீரும் பாரும்." சொல் வந்தது. திறக்கவும் இல்லை, விரல் விடவும் இல்லை, சொல் மட்டும் வந்தது. நான் சுவர்ப்பக்கம் திருப்பித் திறந்தேன். உள்ளே பித்தளை மின்னியது.

"அத்தான், இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னொருக்காப் பாரும்," என்றார். எனக்காகத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தேன். பார்த்தேன். "இருக்கு." அவர் வாங்கி, ரவையை எடுத்து மேசையில் நிறுத்திவைத்து, கதிரையில் இருந்தார். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் துண்டுகளுக்காக அழுதாள்.

"முந்தியும் ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மேசை, அந்த எண்ணெய் வாசம், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவருக்கு இருந்திருக்கும். இடுப்பில் பிள்ளை கனத்தது. "ஓம் அத்தான்," என்று கைபேசியை எடுத்துக் காட்டினேன். படங்களை நெடுநேரம் பார்த்தார். "நல்லது," என்றார். "நீர் பாத்தது நல்லது."

அடுத்த கிழமையே குழுவில் உள்ளவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். தாடி வைத்த ஒரு கியூபெக்காரர் மேப்பிள் பிடியைத் தடவிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். திட்டினாரா மெச்சினாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொன்றையும் கொடுக்குமுன் அத்தான் திறந்து, விரல் விட்டு, தமிழில் "ஒண்டுமில்லை" என்றார். மொழி தெரியாமலே அந்த மனிதரும் பார்த்தார். மருத்துவர் மறதி நோய் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். அதுவரை மாமி என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "நீ போய்ப் போய்ப் பாத்துத்தான் என்ர பிள்ளை பதறினது," என்று ஒருநாள் சொன்னார். அது உண்மையாக இருக்குமோ என்று இன்றும் சில நேரம் யோசிக்கிறேன். யாராவது என்னை மாறிப் பார்த்தவள் என்று நிரூபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போதும் சோறு வைத்துவிட்டு இறங்குகிறேன். அவருடைய மருந்துக் குளிசைகளைப் பார்க்கிறேன், குழாயைப் பார்க்கிறேன், பின்கதவைப் பார்க்கிறேன். என் பெயர் சில நாட்களில் அவருக்கு வருவதில்லை. ஆனால் என் காலடி கேட்டதும் எழுந்துவிடுவார். அலுமாரியில் மகளின் சின்னதாகிப்போன பனிச் சப்பாத்துகள் மட்டும்தான் இருக்கின்றன. அதை அவர் இன்னும் பூட்டித்தான் வைக்கிறார்.

இன்று பின்னேரம் அந்தத் தோடம்பழ நாக்கைக் கையில் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அது என்னவென்று தெரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். கையை உள்ளே விட்டு, சப்பாத்துகளுக்குப் பின்னால், மூலைவரை தடவினார்.

"ஒண்டுமில்லை," என்று விலகி நின்றார். "நீரும் பாரும்."

நான் குனிந்து பார்த்தேன். இன்னொருமுறையும் பார்த்தேன். அவர் பூட்டினார். நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நாக்கை எடுத்துக்கொண்டு மேலே வந்து, கரண்டிகளுக்கு நடுவே திரும்ப வைத்தேன்.