சித்தி மகள் எழுதிய நிரல்

திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அலிபிரி சாலையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நானும் என் சித்தி மகளும் சேர்ந்த புதிது. விசையில் வைத்த விரலை அவளால் எடுக்க முடியவில்லை. "கீபோர்டு கெட்டுப்பூட்ச்சி டீ" என்று சிரித்தாள். கெட்டது கீபோர்டு இல்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், குணமாகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பிழை வந்தால் நான் கண்டதையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பேன். அப்படி வீணாக்க அவள் விரல்களில் தெம்பு இல்லை. பிழைச் செய்தியை முழுக்கப் படிப்பாள். அது காட்டும் வரியில், டீபக்கர் என்ற பிழைதேடும் கருவியால் நிரலை நிறுத்தி, எந்த மதிப்பு தப்பு என்று தெரிந்த பிறகுதான் கையைத் தூக்குவாள். இரண்டெழுத்து அடித்தால் மீதியை எடிட்டரே நிரப்பும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்று நான் சொல்வதெல்லாம் அவளைப் பார்த்துப் படித்ததுதான். ஒருநாள் அவள் கை விசைகள்மேல் தவறி விழுந்து கோப்பு முழுவதும் அழிந்தது. நான் பதறினேன். "அழுவாத டீ. ஒண்ணு சரியானா ஒடனே கிட்ல கமிட் பண்ணிக்கினுதான் வரேன்" என்றாள். அப்படி அவ்வப்போது சேமித்து வைத்திருந்ததால், ஒரே கட்டளையில் எல்லாம் திரும்பி வந்தது. ஆனாலும் மேனேஜர் ஒருநாள் கனிவான தெலுங்கில், "இன்ட்லோ ரெஸ்ட் தீஸ்கோம்மா" என்றார். வீட்டில் ஓய்வெடு என்றால் இனி வராதே என்று பொருள்.

கார்வேட்டிநகரத்தில் அவள் வீட்டுக்கு விடுமுறைதோறும் பஸ் ஏறிப் போவேன். அவளுக்கென்று ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். திரையில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். கால் கட்டைவிரலின் கீழிருக்கும் பொத்தானை அழுத்தினால், ஒளிரும் சொல் அவள் குரலிலேயே ஒலிக்கும். "குரலும் பூடும் டீ. அதுக்குள்ள முடிக்கணும். நான் சொல்றத மட்டும் அடி" என்பாள். நான் அவசரப்பட்டால், "ஒரு வார்த்தைய வெச்சி ஓட்டிப் பாரு. அது வந்தா அடுத்தது" என்று நிறுத்துவாள். கால் தானாகத் துடித்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தாள். பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் சொல் ஒலிக்கும். சொற்களைப் பதிவு செய்தபோதே அவள் நாக்கு குழறத் தொடங்கியிருந்தது.

குரல் போன சில மாதங்களில் மூச்சும் திணறியது. தொண்டையில் துளையிட்டு மிஷினோடு இணைக்கலாம் என்றார் டாக்டர். அவள் அப்பாவான என் சித்தப்பா, செய்யலாமா என்று அவளிடம் கேட்டார். "போதும் நைனா" என்றது நிரலில் பதிந்திருந்த அவள் குரல். மறுபடி கேட்டார். அதே பதில்.

எனக்குப் போன் செய்தார். "தப்பா சொல்லுதும்மா இது. வந்து பாரு."

போனேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து, நிரலை வரிவரியாக நிறுத்தி ஓட்டினேன். எங்காவது ஒரு பிழை இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு முறைதான். சித்தப்பா என் பின்னால் நின்றிருந்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் வேலை செய்யுது, சித்தப்பா" என்றேன்.