மெழுகுதிரி தேய்த்தவர்

சென்ற செப்டெம்பரின் கடைசிச் சனிக்கிழமை மாலை, ஓகூஸ் நகரின் துறைமுகத்தில் பழைய கிடங்கொன்றின் பின்னால் அவரைக் கண்டேன். சக்கரம் பூட்டிய சறுக்குப்பலகை ஓட்டுபவர்கள் தாங்களே சீமெந்து குழைத்துக் கட்டிய இடம் அது. ஐம்பதை நெருங்கிய தமிழர். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, கண்கள் சிவந்திருந்தன. மாதா கோயிலில் ஏற்றுகிற மெழுகுதிரியின் மிச்சத்தைச் சீமெந்து விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலி என்று நினைத்து, “ஆரண்ணை மோசம் போனது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி. மெழுகு பூசினால்தான் பலகை வழுக்கும். திங்கட்கிழமை இதை இடிக்கப்போகினம். இந்த விளிம்பை நான் இன்னும் ஒருக்காலும் முழுசாய் ஓடி முடிக்கேல்லை.”

பலகையில் ஏறினார், விழுந்தார். முழங்கையைத் தடவிக்கொண்டு மறுபடி ஏறினார். கடைசியில் பலகை விளிம்பின் முழு நீளத்துக்கும் வழுக்கிப்போய் இறங்கியது. சிரிப்பார் என்று பார்த்தேன். களைப்போடு வந்து குந்தி, மீண்டும் மெழுகு தேய்க்கத் தொடங்கினார்.

“அதுதான் முடிச்சிட்டியளே அண்ணை?”

“நாளைக்கு ஞாயிறெல்லே. ஆராவது வருவாங்கள்.”

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. நனைந்த சீமெந்தில் யாரும் பலகை ஓட்டுவதில்லை. ஆனாலும் யாராவது போயிருப்பார்களா என்று இப்போதும் யோசிக்கிறேன்.