தாமாவின் வாய்க்கூடு

போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்று வேதத்தில் மோசே சொன்ன சட்டம் மாட்டுக்காகச் சொன்னதா, மனிதனுக்காகச் சொன்னதா? அல்கானேஷ் களத்து நடுவில் நின்று கேட்டபோது அங்கிருந்த யாருக்கும், இதை எழுதுகிறவனுக்கும், பதில் வரவில்லை.

கோஜ்ஜம் மேட்டுநிலத்தில் அவளுக்கென்று இருந்தது தாமா என்ற ஒற்றைக் காளை. புருஷன் செத்த வருஷம் கன்றாக வாங்கி, தன் வாயைக் கட்டி வளர்த்தாள். பக்கத்து நிலத்துக்காரன் தெரெபெயிடமும் ஒரு காளைதான். இரண்டையும் ஜோடி சேர்த்து உழுவார்கள். அறுப்பு முடிந்தால் முறை வைத்துப் போரடிப்பார்கள். இந்தத் தடவை முதல் முறை தெரெபெக்கு.

புல் காய்ந்துபோன வருஷம் அது. தாமாவின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அல்கானேஷ் அவன் களத்துக்கு வந்து பார்த்தால், அதன் வாயில் கயிற்றுக்கூடு மாட்டியிருந்தது.

"கழட்டுப்பா அதை. எலும்பும் தோலுமா நிக்கிறான்."

"அக்கா, தெஃப் தானியம் கடுகைவிடப் பொடிசு. உன் மாடு ஒரு தடவ நாக்கைச் சுழட்டினா எம் பிள்ளைங்க தட்டுல இஞ்செரா ரொட்டி இருக்காது."

"மோசே என்ன சொன்னாருன்னு சாமியக் கேளு."

கோயில் பங்குக்குச் சாக்கோடு வந்திருந்த பாதிரியார் மெர்ஷா சிரித்தார். "கடவுளுக்கு மாட்டைப் பத்தியாம்மா கவலை? உழைக்கிற குருவுக்குப் பங்கு குடுன்னு அதுக்கு அர்த்தம். அப்போஸ்தலர் பவுலே சொல்லிட்டார்."

அல்கானேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பன்றியைத் தின்னாதேன்னார் மோசே, தின்னுறதில்ல. சனிக்கிழமை ஏரைத் தொடாதேன்னார், ஞாயிறையும் சேத்து ரெண்டு நாள் சும்மா கிடக்கோம். அதுக்கெல்லாம் சொன்னது சொன்னபடி. மாட்டு வாய்க்கு மட்டும் வேற அர்த்தமா சாமி?"

"அக்காவுக்குச் சாமி கட்டுற தலைப்பாகை ஒண்ணுதான் குறை," என்றான் தெரெபெ. "கூட்டைக் கழட்டினா மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிரு. நாளைக்கு என் மாடு உன் களத்துக்கு வராது."

ஒற்றை மாட்டால் போரடிக்க ஆகாது; அது வராது என்றால் அவள் விளைச்சல் முழுவதையும் தடியால்தான் அடிக்க வேண்டும். தெரிந்தேதான் கழற்றினாள், தாமாவை ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

பிறகு தனியாளாக அடித்தாள். கை கொப்புளித்தது, பாதி மணி வைக்கோலிலேயே தங்கியது. ஓர் அடி தெரெபெக்கு, ஓர் அடி பவுலை இழுத்த வாய்க்கு, ஓர் அடி வாயை அடக்கத் தெரியாத தனக்கே. அடிக்க அடிக்கக் கோபம் ஏறியதே தவிர ஆறவில்லை.

தூற்றி முடித்த அன்று பாதிரியார் சாக்கோடு வந்தார். அவள் குவியலில் கைநிறைய அள்ளித் தாமாவின் வாயருகே நீட்டினாள்.

"மொதல்ல இவன். அப்புறம் நீங்க."

அது நக்கி முடிக்கும்வரை நின்றார். பிறகு சாக்கை விரித்தார்.

கேள்வி இன்னும் களத்திலேயே கிடக்கிறது. பதில் தெரிந்தவர் காதில் விழும்வரை, இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போங்கள்.