குதிரையின் வயிற்றுக்குள் பவதாரணியின் கை

சுவிற்சர்லாந்தின் சோலோதுர்ன் நகருக்கு வெளியே உள்ள குதிரை மருத்துவமனைக்குப் பவதாரணி சத்திரசிகிச்சை நிபுணராக வந்த நாளில், லக்ஷ்மணன் அவருக்காக மனதுக்குள் இரக்கப்பட்டார். மயங்கிய குதிரைகளைக் கிரேனில் தூக்கி மேசையில் மல்லாக்கக் கிடத்துவது லக்ஷ்மணனின் வேலை. பதினெட்டு வருடங்களில் அவர் பார்த்த நிபுணர்கள் எல்லாரும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவ வேண்டிய வேலை அது. இந்தப் பிள்ளையோ ஐந்தடிகூட இல்லை.

அந்நாட்டின் துன் நகரில் பிறந்து வளர்ந்தவர் பவதாரணி. அப்பா ஹோட்டல் சமையற்காரர். படிக்கிற காலத்தில் ஒருவர், "உங்கட உயரத்துக்குப் பூனை வைத்தியம் பொருத்தம்" என்றாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, வயிற்றுவலியில் உருண்டு புரண்ட பெண்குதிரையொன்றை ஒரு விவசாயி கொண்டுவந்தார். மருந்துக்கு வலி அடங்கவில்லை. பத்து மணிக்கு வயிற்றைத் திறந்தார்கள்.

"அண்ணை, மேசையை இன்னும் இறக்குங்கோ."

"இதுக்குக் கீழே போகாது டொக்டர்."

"அப்ப நான்தான் ஏறவேணும்."

லக்ஷ்மணன் ஏறி நிற்க ஒரு மரப்படியைக் காலால் தள்ளிவிட்டார். அதில் ஏறி, கன்னம் குதிரையின் விலாவில் படுமளவுக்குச் சாய்ந்து, பவதாரணி கண்களை மூடிக் கையை உள்ளே விட்டார். கல்லீரலுக்குப் பக்கத்து இடுக்கொன்றுக்குள் சிறுகுடல் நுழைந்து இறுகியிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் இடுக்கை ஒட்டி ஓடும் பெரிய இரத்த நாளம் கிழிந்துவிடும். பிறகு செய்ய ஒன்றுமில்லை.

அவர் இழுக்கவில்லை. வீங்கிய குடலை விரல்களால் வழித்து, உள்ளிருந்த நீரையும் காற்றையும் மெல்ல மெல்ல அப்பால் தள்ளினார். குடல் மெலிய மெலிய, ஒவ்வொரு விரற்கடையாக வெளியே எடுத்தார். நாற்பது நிமிடம். நெற்றி வியர்வையைத் தாதி துடைத்தபோதும் அவர் கண் திறக்கவில்லை. பார்வை முழுவதும் விரல்நுனியில் இருந்தது.

கடைசித் துண்டும் வெளியே வந்தபோது, இரண்டு மீற்றருக்கு மேல் கறுத்துப்போயிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர், இரத்த அழுத்தம் இறங்குகிறது, நிறுத்துவோமா என்று கேட்டார்.

"மிச்சக் குடல் நல்ல ரோசா நிறம்," என்றார் பவதாரணி. "எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ."

கறுத்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் நெருக்கமான தையல்களால் இணைத்தார். தைத்த இடத்தை அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகுதான் வயிற்றை மூடினார்.

மெத்தை பதித்த அறையில், தலைக்கும் வாலுக்கும் கட்டிய கயிறுகளின் துணையோடு குதிரை இரண்டாம் முயற்சியில் எழுந்து நின்றது. ஆனால் குடல் வேலை செய்கிறதா என்பது சாணம் விழும்வரை தெரியாது. ஒரு நாள் போனது. இரண்டாம் நாளும் போனது.

மூன்றாம் நாள் மத்தியானம் லக்ஷ்மணன் பவதாரணிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஆரா நகரில் ஒரு கலியாணப் பந்தியில் இருந்தார்.

"டொக்டர், போட்டிட்டுது."

"எவ்வளவு, அண்ணை?"

"ஆறு உருண்டை. நல்ல பதம்."

 மறுமுனையில், பட்டுச்சேலையோடு பந்தியில் இருந்தவர் பக்கத்திலிருந்த யாருக்கோ அந்தச் செய்தியை உரக்கச் சொல்வது லக்ஷ்மணனுக்குத் தெளிவாகக் கேட்டது.